வெஸ் மான்ட்கோமரியின் கட்டைவிரலைத் தேடி ஐந்து மாதம்

பிப்ரவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெஸ் மான்ட்கோமரியின் ‘வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்’ கிட்டார் சோலோவின் முதல் இரண்டு கோரஸை, அதாவது பாட்டின் இரண்டு முழுச் சுற்றை, தடுமாறாமல் வாசித்து ஃபோனில் பதிவு செய்தேன். இரண்டு மாத உழைப்பு. ஆவலோடு போட்டுக் கேட்டேன். சுரம் ஒன்றுகூடப் பிசகவில்லை, வேகமும் சரி, ஆனால் அப்பா கைப்பட எழுதிய கடிதத்தை யாரோ தட்டச்சு செய்து கொடுத்த மாதிரி இருந்தது. வார்த்தையெல்லாம் அவருடையதுதான், எழுத்து அவருடையது இல்லை. அன்றைக்குத்தான் பிக்கை (கம்பியை அடிக்கிற சின்னத் துண்டு) எடுத்து டப்பாவில் போட்டேன். இந்தப் பதிவு பெரும்பாலும் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது, ஆனால் அதற்கு முந்தைய இரண்டு மாதத்தையும் சொல்லாமல் புரியாது.

வெஸ் மான்ட்கோமரியைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஜாஸ் கிட்டார் கலைஞர். அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் இண்டியானாபொலிஸில் 1923ல் பிறந்தவர், 1968ல் அதே ஊரில் மாரடைப்பில் போய்விட்டார், 45 வயது. நான் எடுத்துக்கொண்ட பாட்டு 1960 ஜனவரியில் நியூயார்க்கில் ரிவர்சைட் கம்பெனிக்காகப் பதிவான ‘தி இன்கிரெடிபிள் ஜாஸ் கிட்டார் ஆஃப் வெஸ் மான்ட்கோமரி’ என்ற தட்டில், இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு. மெட்டும் அவருடையதே. டாமி ஃபிளானகன் பியானோ, பெர்சி ஹீத் பாஸ், அவர் தம்பி ஆல்பர்ட் ஹீத் டிரம்ஸ். இந்த நான்கு பேரைத் தவிர அறையில் வேறு சத்தமே இல்லை என்பது சோலோ எடுத்து எழுதுகிறவனுக்குப் பெரிய வரம், ஏனென்றால் கிட்டார் எங்கே முடிகிறது, பியானோ எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒரு பொழுதும் குழம்ப வேண்டியதில்லை.

இந்தச் சோலோவை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. வெஸ் ஒரு சோலோவைக் கட்டும் விதம் ஜாஸ் கேட்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்: முதலில் ஒற்றைச் சுரங்கள், அப்புறம் அதே மாதிரி வரிகளை ஆக்டேவில், அதாவது ஒரே சுரத்தை மேலும் கீழும் சேர்த்து, கடைசியில் முழு கார்டுகளாக, அதாவது பல சுரம் ஒன்றாக. மூன்று மாடி வீடு மாதிரி ஏறிக்கொண்டே போகும். அந்த மூன்றும் இந்த ஒரே பாட்டில் கிடைக்கிறது. ஒரு சோலோவோடு பல மாதம் குடித்தனம் நடத்துவதென்றால் எல்லா அறையும் உள்ள வீடாகப் பார்ப்பதுதானே நல்லது.

எழுதி வைத்த டேப் (கம்பியில் விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் கிட்டார் குறிப்பு) எதையும் பார்ப்பதில்லை என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். காதால் மட்டும். இதில் பிடிவாதத்தை விட வெஸ்ஸே இப்படித்தான் கற்றுக்கொண்டார் என்ற எண்ணம்தான் காரணம். அவருக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியாது. இருபது வயதை ஒட்டி, கல்யாணமான பிறகு, ஜாஸ் கிட்டார் முன்னோடி சார்லி கிறிஸ்டியனின் ‘சோலோ ஃபிளைட்’ தட்டைக் கேட்டுவிட்டு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியவர். கிறிஸ்டியனின் சோலோக்களைத் தட்டிலிருந்து அப்படியே காதால் பிடித்தார். உள்ளூர் கிளப் ஒன்றில் அந்தச் சோலோக்களை வாசிக்கவே அவரைச் சேர்த்துக்கொண்டார்களாம், தன் இடம் வந்ததும் கிறிஸ்டியனை அச்சு அசலாக வாசிப்பார், முடிந்ததும் சும்மா இருப்பார், ஏனென்றால் அப்போது அவருக்கு வேறு எதுவும் தெரியாது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு வந்த தைரியம் கொஞ்சநஞ்சமில்லை. அடுத்தவருடைய சோலோவை எழுத்துக்கு எழுத்து நகலெடுப்பது கூடாத காரியம் என்று நினைக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, யாருடைய குரல் என்று ஒரு சுரத்திலேயே அடையாளம் சொல்லிவிடக்கூடிய ஒரு மனிதர் அந்த வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறார்.

முதல் வாரம் கிட்டாரைத் தொடவே இல்லை. கேட்டேன், எண்ணினேன், அவ்வளவுதான். பாட்டு மூன்று அடித் தாளத்தில் போகிறது. 12 பார் ப்ளூஸ்தான் (பார் என்றால் தாளத்தின் ஒரு சிறு சுற்று), ஆனால் ஆறு அடிக்கு ஒரு பார். நான் அதை 3/4ல் 24 பாராக எழுதிக்கொண்டேன், அது கண்ணுக்குச் சுலபம். பஸ்ஸில் போகும்போது ஹெட்ஃபோனில் போட்டுக்கொண்டு தொடையில் தகிட தகிட என்று தட்டுவேன். மூன்று நாளில் எந்தக் கோரஸ் எங்கே ஆரம்பிக்கிறது என்று எண்ணாமலே தெரிய ஆரம்பித்தது. இதைச் செய்யாமல் நேராகச் சுரத்தைத் தேடப் போனால் நடுவில் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. முன்பு வேறொரு பாட்டில் அப்படித்தான் ஒரு மாதம் போயிற்று.

அப்புறம் கார்டு வரிசை. இங்கேதான் இந்தப் பாட்டின் அழகு. சாதாரண பி ஃபிளாட் ப்ளூஸில் ஆரம்பத்தில் பி ஃபிளாட் 7லேயே ஊன்றி நிற்பார்கள், பிறகு இ ஃபிளாட் 7க்குப் போவார்கள். வெஸ் 3வது பாரிலேயே ஒரு முழு சுரம் கீழே ஏ ஃபிளாட் 7க்கு இறங்கிவிட்டுத் திரும்ப மேலே வருகிறார். 7, 8 பார்களில் பி மைனர் 7, இ 7. அந்த இ 7 அரைச் சுரம் வழுக்கி இ ஃபிளாட் 7ல் போய் உட்காரும். இதையெல்லாம் தாண்டி 11வது பாருக்கு வந்தால் ஒரு படிக்கட்டு: இ ஃபிளாட் மைனர், டி மைனர், டி ஃபிளாட் மைனர், சி மைனர், இரண்டிரண்டு பாராக அரைச் சுரம் அரைச் சுரமாக இறங்குகிறது. அதற்குப் பிறகு எஃப் 7, வீடு.

சின்ன வயதில் கொஞ்ச காலம் வாய்ப்பாட்டு கற்றதால் எனக்கு சுர ஸ்தானமாக நினைத்தால்தான் காதில் நிற்கும். பி ஃபிளாட்டை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், 9வது பார் இ ஃபிளாட் 7ல் இருக்கும் ஜி சுரம் சதுஸ்ருதி தைவதம். 11வது பாரில் இ ஃபிளாட் மைனர் வந்ததும் அது ஜி ஃபிளாட், சுத்த தைவதம். ஒரே ஒரு சுரம் அரைப்படி இறங்குகிறது, அறையில் வெளிச்சம் மாறின மாதிரி ஆகிவிடுகிறது. அந்த இடத்தை முதலில் வாயால் பாடிப் பிடித்தேன், பிறகுதான் விரலுக்குப் போனது. இன்றைக்கும் அந்தப் பார் வரும்போது எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்காரும்.

வேலை செய்த முறை எளிமையானதுதான். ஆடாசிட்டி என்ற கணினிச் செயலியில் பாட்டைப் போட்டு, சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் 60 சதவீதமாகக் குறைத்து, நான்கு நான்கு பாராக வெட்டி வைத்துக்கொண்டேன். ஒரு துண்டை எடுத்தால் முதலில் கேட்பது, அப்புறம் கூடவே பாடுவது, அப்புறம் பாட்டை நிறுத்திவிட்டுத் தனியாகப் பாடுவது. தனியாகப் பாட வராத துண்டைக் கிட்டாரில் தேடக் கூடாது என்று ஒரு விதி. இந்த விதியை மீறின நாளில் எல்லாம், விரல் தனக்குப் பழகின வரியைத் தானே வாசித்துவிட்டு ‘இதுதான்’ என்று சாதித்திருக்கிறது. கை பொய் சொல்லும், தொண்டை சொல்லாது.

அம்மா பக்கத்து அறையில்தான் இருப்பார். 15, 16வது பாரில் ஒரு வரி, டி ஃபிளாட் மைனரிலிருந்து ஜி ஃபிளாட் 7க்குப் போகிற இடம், மூன்று நாளாக அதிலேயே நின்றேன். “அந்த எடத்துல என்னடா மாட்டிக்கிச்சு? முந்தாநாள்லேருந்து அதையே சுத்திச் சுத்தி வர்ற” என்று கேட்டார். மாட்டிக்கொண்டது என்னவென்று பிறகுதான் தெரிந்தது. சுரம் எல்லாம் முதல் நாளே கிடைத்துவிட்டது. நான் அந்த வரியைப் பாரின் முதல் அடியில் ஆரம்பித்துக்கொண்டிருந்தேன், அவர் அரை அடி தள்ளி உள்ளே வருகிறார். எல்லோரும் உட்கார்ந்த பிறகு மெதுவாகக் கதவைத் திறந்துகொண்டு வருகிற ஆள் மாதிரி. அந்த அரை அடி இல்லையென்றால் அந்த வரிக்கு உயிரே இல்லை.

இப்படியாகத்தான் பிப்ரவரி கடைசியில் அந்த ஃபோன் பதிவு வரைக்கும் வந்தேன். இனி கட்டைவிரல்.

வெஸ் பிக் இல்லாமல், வலது கைக் கட்டைவிரலின் சதைப் பகுதியாலேயே எல்லாவற்றையும் வாசித்தார் என்பது ஊரறிந்த விஷயம். பகலில் தொழிற்சாலை வேலை, ராத்திரி கிளப்பில் வாசிப்பு என்று குடும்பத்தை ஓட்டிய மனிதர், வீட்டில் ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி) போட்டுப் பயிற்சி செய்தால் அக்கம்பக்கத்தில் சத்தம் என்கிறார்கள், அதனால் பிக்கை விட்டுக் கட்டைவிரலுக்கு மாறினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. இதையெல்லாம் நான் முன்பே படித்திருந்தேன், ஆனால் அதை ஒலி சம்பந்தப்பட்ட ஒரு ருசி என்று மட்டும்தான் எடுத்துக்கொண்டேன். ‘சத்தம் கொஞ்சம் மெத்தென்று வரும், நான் டோன் குமிழைக் குறைத்துக்கொண்டால் போதும்’ என்று நினைத்தது முழுத் தவறு.

கட்டைவிரலால் வாசித்துப் பார்த்தால் உடனே தெரிகிற முதல் சங்கதி: ஒற்றைச் சுர வரியில் அது கீழ்நோக்கித்தான் போகிறது. பிக் என்றால் கீழே மேலே கீழே மேலே என்று மாற்றி மாற்றி அடிக்கலாம், வேகம் தானாக வரும். கட்டைவிரலுக்கு அது சுலபமில்லை, ஒவ்வொரு அடிக்கும் திரும்ப மேலே தூக்கி வர வேண்டும். அப்படியானால் வேகமான வரியில் எல்லாச் சுரத்தையும் வலது கையால் அடிக்க நேரமே கிடையாது. சிலதை இடது கைதான் கொடுக்க வேண்டும், விரலால் தட்டி எழுப்பி, அல்லது சுண்டி விட்டு, அல்லது வழுக்கிக்கொண்டே போய். எந்தச் சுரம் வலது கைக்கு, எந்தச் சுரம் இடது கைக்கு என்று பங்கு பிரிக்கும்போதே எது அழுத்தமாகக் கேட்கும், எது முணுமுணுப்பாகக் கேட்கும் என்பது முடிவாகிவிடுகிறது. நான் பிக்கால் எல்லாச் சுரத்தையும் ஒரே பலத்தில் வாசித்துக்கொண்டிருந்தேன். தட்டச்சு மாதிரி இருந்தது என்றேனே, அதன் காரணம் இதுதான்.

ஆக இரண்டு மாதம் எழுதிய நோட்டை மறுபடி முதலிலிருந்து எடுத்தேன். சுரம் ஒன்றையும் மாற்றவில்லை, எந்தக் கம்பியில், எந்த ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) என்பதை மட்டும் திரும்பத் தேடினேன். ஒரே சுரம் கிட்டாரில் மூன்று நான்கு இடத்தில் இருக்கும். பிக்குக்கு வசதியான இடம் கட்டைவிரலுக்கு வசதியில்லை. ஒரு வரி கட்டைவிரலுக்குக் கஷ்டமாக இருந்தால் நான் தவறான இடத்தில் வாசிக்கிறேன் என்று அர்த்தம். இடத்தை மாற்றினதும், எங்கே வழுக்க வேண்டும், எங்கே தட்ட வேண்டும் என்பது தட்டில் கேட்கிறபடியே தானாக வந்து பொருந்தும். எனக்கு இந்த ஐந்து மாதத்தில் கிடைத்த பெரிய சந்தோஷம் இதுதான். எழுதி வைத்த டேப்பைப் பார்த்திருந்தால் யாரோ கண்டுபிடித்த இடத்தை மனப்பாடம் செய்திருப்பேன், இந்தக் கதவு திறந்திருக்காது.

விரலுக்கு வந்த கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஆரம்பிக்கிறவர்களுக்கு உதவும். நான்காம் நாள் கட்டைவிரலின் ஓரத்தில் கொப்புளம். உடைத்துக்கொண்டு வாசிக்கக் கூடாது. ஐந்து நாள் விட்டேன், அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு 20 நிமிடம் மட்டும், இரண்டு வேளையாகப் பிரித்து. நகம் கம்பியில் படாமல், சதை மட்டும் பட வேண்டும். மற்ற விரல்கள் பிக்கார்டின் (கம்பிகளுக்குக் கீழே உடலில் இருக்கும் தட்டு) மேல் லேசாக ஊன்றி இருக்கட்டும், வெஸ்ஸும் அப்படித்தான் வைத்திருப்பார், வீடியோவில் பார்க்கலாம். அடித்ததும் கட்டைவிரலை வெளியே தூக்காமல் அடுத்த கம்பியின் மேலேயே போய் ஓய்வாகச் சாய விட வேண்டும். சாய்வதில்தான் அந்தக் கனம் இருக்கிறது. கம்பியைக் கிள்ளக் கூடாது, மணிக்கட்டின் எடையை அதன் வழியாக இறக்க வேண்டும்.

கம்பியையும் மாற்றினேன். 0.010 அங்குல சாதாரண செட் கட்டைவிரலுக்கு ரொம்ப மெல்லிசு, கீறுகிற மாதிரி கீச்சென்று கேட்கும். வெஸ் கனமான ஃபிளாட்வூண்ட் கம்பிகள் போட்டவர், அதாவது மேலே சுற்றியிருக்கும் கம்பி தட்டையாக, தொட்டால் வழவழவென்று இருக்கும். நான் 0.012 செட் ஃபிளாட்வூண்ட் வாங்கினேன். அதில் மூன்றாவது கம்பியும் சுற்றின கம்பி, 0.024. முன்பு இருந்தது வெறும் கம்பி, 0.017. இந்த ஒரு விவரத்தைக் கவனிக்காமல் விட்டதுதான் அடுத்த மூன்று வாரத்தைத் தின்றது.

ஏப்ரல் நடுவில் ஆக்டேவ் பகுதிக்கு வந்தேன். ஆக்டேவ் எப்படிப் பிடிப்பது என்று சுருக்கமாக: 6வது கம்பியில் ஒரு சுரம் என்றால் அதன் மேல் ஆக்டேவ் 4வது கம்பியில் இரண்டு ஃப்ரெட் தள்ளி, 5வதுக்கு 3வதிலும் அதே கணக்கு. 4வதுக்கு 2வதிலும், 3வதுக்கு 1வதிலும் மூன்று ஃப்ரெட் தள்ளி. நடுவில் ஒரு கம்பி சும்மா இருக்கிறதே, அது ஒலிக்கக் கூடாது, ஆனால் கட்டைவிரல் அதையும் சேர்த்துத்தான் தடவிக்கொண்டு போகும். அதனால் ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி அந்தக் கம்பியைத் தொட்டு அடைக்க வேண்டும், அதே விரலின் நுனி பக்கத்துக் கம்பியையும் லேசாக உரசி அடைக்க வேண்டும். ஒரே விரலுக்கு மூன்று வேலை. ஒரு வாரம் வெறும் ‘டப் டப்’ என்றுதான் வந்தது. கம்பியை அழுத்தவே அழுத்தாமல், அடைக்கிற வேலையை மட்டும் தனியாகப் பழகின பிறகு தெளிந்தது.

அடைப்பு சரியான பிறகு பார்த்தால், ஆக்டேவ் புளிக்கிறது. இரண்டு சுரமும் ஒன்றோடொன்று உரசி அலை அலையாக ஒரு நடுக்கம். ட்யூனரில் எல்லாக் கம்பியும் சரியாக இருக்கிறது. காது கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு ஒரு ராத்திரி பொறுமையாக ஒவ்வொரு ஜோடியாக வாசித்து நோட்டில் எழுதினேன்: 6–4 சுத்தம், 4–2 சுத்தம், 5–3 புளிப்பு, 3–1 புளிப்பு. எழுதி முடித்ததும் கண்ணுக்கு முன்னால் நின்றது, இரண்டு கெட்ட ஜோடியிலும் பொதுவாக இருப்பது 3வது கம்பி. 12வது ஃப்ரெட்டில் அந்தக் கம்பியின் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்தின சுரத்தையும் ஒப்பிட்டேன், அழுத்தின சுரம் தாழ்ந்து இருந்தது. சரி, அப்படியானால் முதல் ஃப்ரெட்டும் தாழ்ந்திருக்க வேண்டுமே என்று பார்த்தால், அங்கே ஏறி இருக்கிறது! மேலே தாழ்வு, கீழே ஏற்றம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஊரில் கிட்டார் பழுது பார்க்கிற அண்ணன் ஒருவரிடம் எடுத்துப் போனேன். ஒரு நிமிடம் கண்ணைச் சுருக்கி நட்டை, அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளம் வெட்டிய துண்டை, பார்த்தார். “தம்பி, இதுல ரெண்டு வியாதி இருக்கு. மூணாவது கம்பிய சுத்தின கம்பியா மாத்திட்டீங்க. சாடில் வெறும் கம்பிக்கு வச்ச எடத்துலயே இருக்கு, அதான் மேல எறங்குது. நட்டுல பள்ளம் குறுகல், கம்பி உள்ள உக்காராம மேல தொங்கிட்டு நிக்குது, அதான் கீழ ஏறுது” என்றார். சாடில் என்பது உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் துண்டு. நீங்களே செய்து தாருங்கள் என்றேன். “இது நீங்களே பண்ணலாம், பண்ணாத்தான் கிட்டார் உங்களுக்குத் தெரியும். வரிசைய மட்டும் மாத்தாதீங்க, மொதல்ல கழுத்து, அப்புறம் நட்டு, சாடில் கடைசில” என்று அனுப்பிவிட்டார்.

அவர் சொன்ன வரிசையிலேயே செய்தேன். கனமான கம்பி போட்டதால் கழுத்து முன்பக்கம் கொஞ்சம் வளைந்திருந்தது. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து 7வது ஃப்ரெட்டின் மேல் இருக்கும் இடைவெளியைப் பார்த்தால் தெரியும், ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது. கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். அவசரப்பட்டு ஒரேயடியாகத் திருகக் கூடாது. அடுத்து நட். பழைய கம்பித் துண்டு ஒன்றில் மெல்லிய உப்புத்தாளைச் சுற்றி, பள்ளத்தின் அகலத்தை மட்டும் தேய்த்தேன், ஆழத்தை விட்டுவிட்டு. பத்து இழுப்பு, கம்பியை வைத்துப் பார்ப்பது, மறுபடி பத்து இழுப்பு. கம்பி உள்ளே இறங்கி உட்கார்ந்த அந்த நொடியில் ஒரு சின்ன ‘க்ளிக்’, கையிலேயே தெரிந்தது. தேய்த்ததை ஒட்ட முடியாது என்பதால் அன்றைக்கு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்தேன். கடைசியில் சாடில். அழுத்தின சுரம் தாழ்ந்திருந்தால் சாடிலைக் கழுத்துப் பக்கம் முன்னே நகர்த்த வேண்டும், ஏறியிருந்தால் பின்னே. என்னுடையது கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர் முன்னே போனது. ஒவ்வொரு முறை நகர்த்தின பிறகும் மறுபடி சுருதி சேர்த்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும், இதை மறந்தால் சுற்றிச் சுற்றி வருவோம்.

பிறகு 5–3 ஜோடியில் ஒரு பி ஃபிளாட் ஆக்டேவ் பிடித்துக் கட்டைவிரலை இறக்கினேன். நடுக்கம் இல்லை. இரண்டு சுரமும் ஒரே கம்பம் மாதிரி எழுந்து நின்றது. ஒற்றைச் சுரத்தை விட ஆக்டேவுக்கு எங்கிருந்து இந்தக் கனம் வருகிறது என்று இத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு, சுருதி துல்லியமாக இருந்தால் மட்டுமே அது வருகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

ஆக்டேவ் கோரஸை எழுதும்போது இன்னொன்று கவனித்தேன். அங்கே வரிகள் குறைவான சுரங்களோடு, கூடுதல் இடைவெளியோடு வருகின்றன. கை அவ்வளவு தூரம் தாவ வேண்டியிருப்பதால் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்கிறார். ஆனால் கேட்கிறவனுக்கு வேகம் குறைந்தது போலவே இல்லை, சூடு ஏறினது போல இருக்கிறது. சோலோவைச் சூடாக்க வேண்டுமானால் சுரத்தைக் கூட்ட வேண்டும் என்றுதான் நானும் வாசித்துவந்தேன். அவர் ஒவ்வொரு மாடிக்கும் சுரத்தைக் குறைத்து ஒலியைத் தடிமனாக்குகிறார். இதற்கு மூன்று அடிக்குள் இரண்டு சம அடி வைக்கிற கணக்கு கைவசம் இருக்க வேண்டும். மெட்ரோனோமை மூன்றுக்குப் போட்டு, ஒரே ஒரு ஆக்டேவை வைத்துக்கொண்டு அதன் மேல் இரண்டு சம அடி தட்டிக்கொண்டே இருப்பேன், தினம் பத்து நிமிடம். சலிப்பு தட்டவில்லை, உண்மையாகவே அது ஒரு சுகம்.

கார்டு பகுதியை இப்போதுதான் தொட்டிருக்கிறேன், அதனால் அதிகம் சொல்ல மாட்டேன். மேல் நான்கு கம்பிகளில் நான்கு சுரக் கார்டுகள், உச்சியில் மெட்டு. பி ஃபிளாட் 6 கார்டின் பி ஃபிளாட், டி, எஃப், ஜி என்ற நான்கையும் தலைகீழாக்கித் தலைகீழாக்கி கழுத்து நெடுகப் பிடித்துப் பழகினேன், இடையில் வரும் சுரங்களுக்கு ஏ டிமினிஷ்ட். டிமினிஷ்ட் கார்டு ஒரே கை வடிவம்தான், மூன்று மூன்று ஃப்ரெட்டாகத் தள்ளினால் அதே கார்டு. வெஸ்ஸின் கார்டு வரிகள் பலவற்றில் இந்த ஊஞ்சல், நிலையான ஒன்று, தவிக்கிற ஒன்று, மறுபடி நிலையான ஒன்று, அடிக்கடி கேட்கிறது. இங்கே கட்டைவிரல் மேலேயும் கீழேயும் போகலாம், அவரும் போகிறார்.

போன சனிக்கிழமை முதல் இரண்டு கோரஸை மறுபடி பதிவு செய்தேன், அதே ஃபோன், அதே நாற்காலி. பிப்ரவரிப் பதிவை விட வேகம் கொஞ்சம் குறைவு. ஒரு இடத்தில் சுரம் தவறிக்கூட இருக்கிறது. ஆனால் 15வது பாரில் அந்த வரி அரை அடி தள்ளிக் கதவைத் திறந்துகொண்டு வருகிறது, இரண்டாவது சுரம் முணுமுணுப்பாக, மூன்றாவது கனமாக. அம்மா கேட்டுவிட்டு, “இது அந்த ஆளு வாசிச்சதா, நீ வாசிச்சதா?” என்றார். நான்தான் என்றேன். “அந்தக் கொழகொழப்பு வந்துடுச்சு” என்றார்.

ஆக்டேவ் கோரஸில் இன்னும் பாதி இருக்கிறது. நாளைக்கு 13வது பாரிலிருந்து, டி மைனர் இறக்கத்தில் ஆரம்பிக்க வேண்டும், 4–2 கம்பிகளில்.